அங்கியின் இடுப்புத் தையல்

இன்று காலை பல் துலக்கும் முன்பே பீரோவைத் திறந்து உன் வெள்ளை அங்கியை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். நாலு மாதமாகியும் கழுத்துப் பட்டியில் சாம்பிராணி வாசம். கழுத்திலிருந்து கால்வரை ஒவ்வொரு பொத்தானாகப் போட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

அதை நீ என் தையல் கடைக்குக் கொண்டுவந்த மதியம் பீர்மேட்டில் நல்ல மழை. கடையில் ஆள் இருந்ததால் "வாங்க ஃபாதர்" என்றேன். "காலேஜுல என்னப் பாத்து எழுதிப் பாஸானவளுக்கு நான் ஃபாதரா?" என்று சிரித்தாய். அவர்கள் போனதும், இடுப்பைப் பிடித்துச் சின்னதாக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"வெட்டிரு. எஸ்டேட் லயத்துப் பிள்ளைகளுக்கு ரெண்டு சட்டை வரும்."

"அப்ப நீ என்னத்தப் போடுவ?"

"பேன்ட் சட்டைதான். ஏன், எனக்கு நல்லா இருக்காதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாய். ஒன்பதாம் நாள் மாரடைப்பு.

அடக்கத்தன்று மாதா கோயிலில் உனக்குப் பூசை உடுப்பை முழுதாக அணிவித்திருந்தார்கள். மற்றவர்களைப் பீடத்தைப் பார்த்துக் கிடத்துவார்களாம், குருவானவரை மட்டும் மக்களைப் பார்த்து. உன் முகம் எனக்கு நேராக இருந்தது. நீ கழற்ற நினைத்ததையா உனக்கு உடுத்தியிருந்தார்கள்? இல்லை, ஒரு கேலியை நான்தான் பெரிதாக்குகிறேனா? நானோ இந்து. இதைக் கோயிலில் யாரிடம் போய்க் கேட்பது?

போன வாரம் உன் அம்மா சின்னக்கானலிலிருந்து பஸ் ஏறி வந்தார். "அவன் அங்கி ஒங்கிட்ட இருக்காம்ல தாயி. குடுத்துரு, நான் கண்ண மூடுறப்ப என் பெட்டியில வைக்கணும். எதுக்குக் குடுத்தான்?"

"இடுப்பப் பிடிக்கச் சொன்னான்மா." வாயில் வந்தது அதுதான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அம்புட்டா இளைச்சிருந்தான்? பெட்டியில அந்தப் பெரிய உடுப்புக்குள்ள ஒண்ணும் தெரியலியே. சோறு தண்ணி இல்லாமக் கெடந்திருக்கான், நான் ஒரு எட்டு வந்து பாக்கல." தைத்துத் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் தங்கை போனில் சொல்கிறாள்.

நீ சொன்னதை அப்படியே சொன்னால் அவருக்கு ஆறுதலாகுமா, இன்னும் மோசமாகுமா, தெரியவில்லை. மகன் சாமியாரானதைச் சொல்லாமல் அவர் யாரிடமும் பேச்சைத் தொடங்கியதில்லை. எனக்கே விளங்காத ஒன்றை அவர் தலையில் எப்படி இறக்குவது?

நீ சொன்னது என்னிடமே இருக்கட்டும். உள்மடிப்பில் துணி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இடுப்புத் தையலைப் பிரித்து, இருபக்கமும் ஒரு இஞ்ச் விட்டுத் தைத்து, சின்னக்கானலுக்கு நானே கொண்டுபோகப் போகிறேன். "நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. அவன் கொஞ்சம் சதை போட்டுட்டான், லூசாக்கத்தான் குடுத்தான்" என்று சொல்லப்போகிறேன்.