ஐந்தாவது தட்டு

மார்ச் 3

கட்டைக்குரல் மகாராணிக்கு,

நலமா? கடிதம் போட உனக்குக் கை வலிக்கிறதா? அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ ஊருக்குப் போய் ஆறு மாதமாகிறது. எனக்கு இந்தச் சமையலறையில் பேச்சுத்துணைக்கு ஃப்ரிட்ஜ்தான். அதன் இரைச்சல் பதிவில் விழுகிறது என்று அணைத்துவிட்டுப் பாடவைத்தேனே, மறுபடி போட மறந்து வீடே நாறியதே! அப்படித்தான் இரண்டு வருஷத்தில் நான்கு இசைத்தட்டு போட்டோம். இப்போது கடைக்காரர்களுக்கு நம் கம்பெனியின் பெயரே மறந்துவிட்டது. ஐந்தாவது வராவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். எதையாவது பாடி, ஒரு கேசட்டில் அனுப்பேன்.

உன் முதலாளி

மார்ச் 29

என் அருமை முதலாளிக்கு,

பாட வரவில்லையடி. பேசித்தான் அனுப்பியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. யாரும் இல்லாதபோது போட்டுக் கேள். கேட்டதும் பதில் போடு, காத்திருப்பேன்.

கட்டைக்குரல்

ஏப்ரல் 10

மகாராணி,

அடிப்பாவி, இதை எங்கே ஒளித்துவைத்திருந்தாய்? பேசியதாகச் சொல்லிவிட்டு வசனப் பாட்டே அனுப்பியிருக்கிறாய்! எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. "அம்மா" என்னுமிடத்தில் குரல் உடைகிறதே, தலைகீழாக நின்றாலும் வேறு யாருக்கும் அது வராது. கடைசி வரியில் மூச்சு மட்டும் மிஞ்சுகிறது, அங்கே வயலினைச் சேர்க்கப்போகிறேன். நீ மூக்கை உறிஞ்சுவதை மட்டும் வெட்டிவிட்டேன். ஐந்தாவது தட்டு இதுதான். கம்பெனி பிழைத்தது.

முதலாளி

ஏப்ரல் 24

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒரு வார்த்தையாவது இருக்கும் என்று தேடினேன். நீ எப்போதுமே இப்படித்தான். பதிவு நடக்கும்போது வரிகளைக் கேட்கமாட்டாய், குரலைத்தான் கேட்பாய். நம் தட்டுகள் அவ்வளவு நன்றாக வந்ததும் அதனால்தான்.

அம்மா போய்விட்டாள் என்றுதான் அதில் சொல்லியிருந்தேன். நீ வயலின் வைக்கப்போகும் அந்தக் கடைசி வரியில், "ஒரு வாரம் வந்து என்கூட இருக்கியாடி?" என்று கேட்டிருந்தேன்.

அதைத் தட்டாகப் போடாதே. கம்பெனி மூடினாலும் மூடட்டும். முதல் நான்கும் நம் இரண்டு பேருடையவை, அவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன்மேல் கோபம்கூட வரவில்லை, வந்திருந்தால் தேவலை. இங்கே வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பதிவுக்கு ஏற்ற வீடு என்பாய். எனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் கூப்பிட்டேன்.

இனிமேல் கூப்பிடமாட்டேன்.