ஊதிப்போன மஞ்சள் கேன்

மம்ஃபோர்டு,
ஆகஸ்ட் 14, வியாழன்.

ஆபாவின் அப்பாவுக்கு மான்சா எழுதுவது.

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. சசாண்ட்ராவில் உங்களுக்கு மீன்பாடு நன்றாக இருப்பதாகக் கேள்வி, சந்தோஷம். மூன்று வாரமாகப் போன் அடித்து அலுத்துப்போய், அங்கே மீன் எடுக்க வரும் மாமே எசுமானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுச் சட்டைப்பையில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

ஆபாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள். மீன் புகை போடும் கொட்டகைக் கூரை பாதி பறந்துவிட்டது. அது கிடக்கட்டும். நம் எஞ்சின் விஷயம் உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். எப்படி எட்டியிருக்கும் என்றும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போனதிலிருந்து கரை டிப்போ வறண்டு கிடக்கிறது. அங்கே பெட்ரோல் ஆயில் கலந்தே வரும், அப்படியே எஞ்சினில் ஊற்றிப் பழகியவர்கள் நாம். இப்போது ரோட்டுப் பங்க்கில் வெறும் பெட்ரோல் வாங்கி நாமே கலக்க வேண்டியிருக்கிறது. மெக்கானிக் டோன்கோர் உங்கள் தம்பி அபெய்க்குவிடம், "அம்பதுக்கு ஒண்ணுப்பா. ஒரு மஞ்சள் கேனுக்கு ஒரு அரை லிட்டர் தண்ணிப் பாக்கெட் நிறைய ஆயில். கூட்டாத, குறைக்காத" என்று சொல்லியிருக்கிறார். அபெய்க்கு அப்படித்தான் செய்தான். தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தப் பாக்கெட்டிலேயே ஆயிலைப் பிடித்து, கேனுக்கு ஒன்றாக ஊற்றுவான். இரண்டு மாதமாக என் கண்ணால் பார்த்தேன்.

போன மாதக் கடைசியில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எஞ்சின் இறுகி, சீஸ் ஆகிவிட்டது. ஏழு பேர் இரண்டு நாள் அலைந்தார்கள். வின்னேபா வள்ளம் ஒன்று கட்டி இழுத்து வந்தது. டோன்கோர் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டன் வறண்டு, கீறிக் கிடந்தது. "ஆயில் பத்தல" என்றார். அவ்வளவுதான், கரையே உங்கள் தம்பிமேல் பாய்ந்தது. "ஆயில வித்துத் தின்னுட்டு எங்களச் சாகடிக்கப் பாத்தியாடா, திருட்டுப்பயலே" என்று கூட வேலை செய்தவர்களே கேட்டார்கள். அவன் சத்தியம் செய்தான். யார் காதில் விழுந்தது?

புது பிஸ்டன் போட்டாகிவிட்டது. ஆனால் ஆயில் கேன் என்றாலே ஆளாளுக்கு ஒதுங்குகிறார்கள், கலக்கிறவன் தலையில்தானே பழி விழும். சரி, நானே கலக்கலாம் என்று உட்கார்ந்தேன். எதற்கும் அளந்து பார்ப்போம் என்று ஒன்றரை லிட்டர் பாட்டிலால் காலிக் கேனில் தண்ணீர் ஊற்றினேன். இருபத்தைந்து லிட்டர் கேன், பதினேழு பாட்டிலில் நிறைய வேண்டும். இருபத்து மூன்று பாட்டிலை விழுங்கியது. எல்லாக் கேனும் அப்படியே.

அந்தக் கேன்களில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடி, வெயிலில் வைத்து ஊத வைத்தது யார் என்று நான் எழுத வேண்டுமா? "டிப்போக்காரன் கேன் கணக்குல ஊத்துறான், அவன் கண்ணுல மண்ணத் தூவிட்டேன் பாரு" என்று சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்லமாட்டேன். கலந்து வந்த வரைக்கும் எவ்வளவு பிடித்தாலும் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. நாமே கலக்க ஆரம்பித்ததும், அவன் ஒரு பாக்கெட் ஆயிலை முப்பத்து நாலரை லிட்டருக்கு ஊற்றியிருக்கிறான். பாவி, அவனுக்கு என்ன தெரியும்? நீங்கள் கேனை ஊத வைத்தபோது அவன் தேமாவில் வலை பின்னிக்கொண்டிருந்தான்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. நீங்கள் செய்ததையும் நானே சுமந்து, நீங்கள் செய்யாததையும் நானே செய்து, எத்தனை நாள்?

வருகிற 26, செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அன்றைக்குத்தான் கரைத் தலைவர் பஞ்சாயத்து வைத்திருக்கிறார். திருடன் என்று முடிவானால் இந்தக் கரையில் எந்த வள்ளத்திலும் அவனை ஏற்றமாட்டார்கள். அதற்குள் தலைவருக்கு ஒரு போன் போட்டு, கேனை ஊத வைத்தது நான்தான் என்று சொல்லுங்கள். நான் சொன்னால், கொழுந்தனைக் காப்பாற்றப் புருஷன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். இருந்தாலும் நீங்கள் வாய் திறக்காவிட்டால் நான் சொல்லத்தான் போகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அபெய்க்கு வந்தான். கென்கியும் பொரித்த மீனும் வைத்தேன், தொடவில்லை. "அண்ணி, ஒருவேள நான்தான் ஆயில் ஊத்த மறந்துட்டேனோ? யோசிச்சு யோசிச்சு எனக்கே சந்தேகமா இருக்கு" என்று கேட்டான். உண்மை என் வாய்வரை வந்தது. உங்கள் பெயரை நினைத்து விழுங்கினேன். இன்னொரு தடவை விழுங்க என்னால் ஆகாது.

என்னிடம் பேசாவிட்டாலும் போகிறது. அவனிடம் பேசுங்கள். கடலில் உங்களை ஆண்டவர் காக்கட்டும். கரையில் உங்கள் தம்பியை நீங்கள் காப்பாற்றுங்கள்.

இப்படிக்கு,
மான்சா