அம்மாவின் கை தெரியவேண்டும்

மடுல்சீமை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மதுஷாவுக்கு,

இன்றைக்கு வரைக்கும் நானும் அம்மாவும் சுகம், கொழும்பில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க மாரியம்மா துணை. இன்றைக்கு வரைக்கும் என்று சும்மா எழுதவில்லை. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண்மேட்டில் ஓடிய வெடிப்பு இப்போது நம் குசினிச் சுவரில் ஏறிவிட்டது, மழை தட்டினாலே அம்மா அடையாள அட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். அந்த வெடிப்பைப் போனில் வீடியோப் படம் பிடித்தேன், அகலம் தெரிய அம்மா உள்ளே விரலை விட்டு நின்றாள். வேறு வீடு கேட்டுப் போன அரசாங்கக் கந்தோரில் போனைப் பார்க்கமாட்டார்களாம், ஃபைலில் வைக்க டிவிடிதான் வேண்டுமாம். பதுளையில் கல்யாண வீடியோ செய்கிற ஸலீமிடம் போனோம், அங்கேதான் கூட வந்த கோயில் கமிட்டிக்காரர்கள் புத்தியைக் காட்டினார்கள். இவ்வளவு பெரிய தட்டுல அஞ்சு நிமிசப் படமா, மிச்ச இடம் சும்மா போகுதே, நம்ம காமன் கூத்தையும் முழுசா ஏத்துங்க, ஐயாமாரும் பார்க்கட்டும் என்றார்கள். விடிய விடிய ஆடின கூத்து! அண்ணே, அத்தனையையும் நசுக்கி உள்ள தள்ளினா படம் கூழாயிரும் என்று ஸலீம் தலையில் அடித்துக்கொண்டான். கேட்டால்தானே.

கந்தோரில் போட்டால் ரதியும் மன்மதனும் சதுரம் சதுரமாக ஆடுகிறார்கள், பனிமூட்டம் போன்ற மங்கலில் வெடிப்பும் கரைந்து சுவர் புதுச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. அந்த ஐயா சிரித்துக்கொண்டே, அம்மா சுவர்ல சாஞ்சு போட்டோவுக்கு நிக்கிறாங்களா என்றார். லயம் சரிந்த பிறகு பெரிய பெரிய கமெராவோடு வருவார்கள், அப்போது எல்லாம் தெளிவாகத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் படம் சுருங்கிவிடுமாம், அதனால் போனில் படம் பதிந்த சிப்பையே இந்தக் கடிதத்தோடு அடுத்த லயத்துப் புவனேந்திரனிடம் கொடுத்துவிடுகிறேன், கொழும்புக் கடைக்குத்தான் திரும்பப் போகிறான். நீ வேலை செய்கிற ஸ்டூடியோவில் வெடிப்பை மட்டும் தனித் தட்டில் ஏற்று, பிட்ரேட்டோ என்னவோ ஸலீம் சொன்னான், அதைக் குறைத்துவிடாதே, வேறு எதையும் சேர்க்காதே. பெரிய டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, புவனேந்திரன் ஊருக்கு வரும்போது அவனிடமே கொடுத்தனுப்பு. தீபாவளிக்கு நீ வரவேண்டாம் புள்ள, மழை விடட்டும்.

எங்கே படுத்தாலும் உன் தலைக்கு மேல் நல்ல கூரை இருக்கட்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மறக்காதே, சிப்பில் இரண்டு படம் இருக்கும். முதலாவதில் அம்மாவின் விரல் நுனி உள்ளே போயிருக்கும். இன்று காலை எடுத்ததில் மணிக்கட்டு வரைக்கும். பார்த்துப் பயந்து அழுதுகொண்டிருக்காதே, இரண்டும் தெரியவேண்டும்.

உன் அப்பா,
இராசையா