நாலரைக்கு எழும்புகிறவள்

29 ஜனவரி 2025, புதன். ஹரோ

மாலை ஐந்துக்குச் சயந்தினி அழைத்தாள். அவளுக்கு அங்கே காலை ஒன்பது. காலைக் கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டு, மதியச் சமையல் தொடங்குமுன் கிடைக்கும் இருபது நிமிடத்தைத் தாயாகிய எனக்குத் தருகிறாள்.

அவள் வேலை செய்யும் கப்பல் ஒரு தீவுக்கு வெளியே நிற்கிறதாம். பசிபிக் நடுவில் நாற்பத்துச் சொச்சம் பேர் வாழும் ஒரு பாறை, துறைமுகம் கிடையாது. தீவுக்காரரே நீண்ட வள்ளங்களில் வந்து மாவையும் டீசல் பீப்பாய்களையும் இறக்கிக்கொண்டு போகிறார்கள். அலை வள்ளத்தை மேலே தூக்கும் கணத்தில் பொதியை விட வேண்டும். பிந்தினால் கடலுக்குத்தான்.

பதினாறு பேருக்கு மூன்று வேளையும் இவள் சமைக்கிறாள். பானையை அரைக்குமேல் நிரப்புவதில்லை. அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி. மேசையில் ஈரத்துணி விரித்து, அதன்மேல்தான் கோப்பை, இல்லாவிட்டால் ஓடிவிடும். சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். பதினொரு வருடம் வங்கியில் இருந்தபோது இவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

இதை எழுதலாம். வெளியில் சொல்ல முடியாது. ஏனெனில் வெளியில் நான் சொல்லி வைத்திருப்பது வேறு. கார்த்திகையில், வெஸ்ட் ஈலிங் கோயிலில், தவமலர் "மகளுக்குக் கப்பல்ல என்ன வேலை அக்கா?" என்று கேட்டாள். "செக்கண்ட் ஒபிசர்" என்றேன், கப்பலின் இரண்டாம் அதிகாரி. யோசிக்கவே இல்லை. அவளுடைய மகன் கண் டொக்டர்.

2 பெப்ரவரி, ஞாயிறு

தவமலர்தான் எங்கள் முதியோர் சங்கத்தின் தலைவி என்பதை மறந்திருந்தேன். இன்று தொலைபேசியில்: "மகளிர் தினத்துக்கு உங்கடை மகளைக் கௌரவிக்கப் போறம் அக்கா. அவ கடல்ல நிக்கிறா, நீங்கள்தான் மேடைக்கு வந்து கேடயத்தை வாங்கோணும். மார்ச் எட்டு, சனிக்கிழமை. அந்தப் பச்சைச் சாறியைக் கட்டுங்கோ."

"பார்ப்பம்" என்றேன். "இல்லை" என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இருந்திருக்காது.

14 பெப்ரவரி, வெள்ளி

சங்க மண்டபத்தில் மதியச் சாப்பாடு. தவமலர் ஒருவரைக் கூட்டிவந்து எனக்கு எதிரே இருத்தினாள். ஜீவரத்தினம், வல்வெட்டித்துறை, முப்பது வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவராம். "ரெண்டு பேரும் கப்பல் கதை கதையுங்கோ" என்று விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். நான்தான் பெருமையடித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரி இல்லை, என் மகள் விடிய நாலரைக்கு எழும்பிவிடுவாள், ஒரு நாள் பிந்தியதில்லை என்றேன்.

அவர் அப்பளத்தை உடைத்தபடி சொன்னார்: "மிஸிஸ் தியாகராஜா, செக்கண்ட் ஒபிசருக்கு இரவு பன்னிரண்டிலை இருந்து விடிய நாலு வரைக்கும் காவல். நாலரைக்கு அவர் படுக்கப் போவார். அந்த நேரம் எழும்புறது கப்பல்ல ஒரே ஒராள்தான். பாண் போடுற சமையல்காரர்."

எனக்குக் காது சுட்டது.

"நான் ஒண்டும் கேக்கேல்லை" என்றார். "ரசம் நல்லாயிருக்கு. குடியுங்கோ."

கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல: "எத்தினையோ கப்டன்மார். ஒருத்தற்றை முகமும் ஞாபகமில்லை. சமைச்சவங்கள் எல்லாரையும் ஞாபகமிருக்கு. ஒரு கிரேக்கன் எல்லாத்துக்குள்ளையும் எலுமிச்சம்பழம் பிழிவான், பாவி. அவனைக்கூட."

15 பெப்ரவரி

வெளியே போகவில்லை. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

21 பெப்ரவரி, வெள்ளி

அவளுக்குத் தெரிந்துவிட்டது. சங்கத்தின் அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் உலகம் சுற்றி, அவளுடைய சிநேகிதி வழியாக அந்தப் பாறைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அம்மா, ஆர் இந்தச் செக்கண்ட் ஒபிசர் சயந்தினி? எங்கடை செக்கண்ட் ஒபிசர் ஒரு பிலிப்பீன்ஸ்காரன். தாடி வச்சிருக்கிறான்."

முதலில் சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம். "ஏதோ வாய் தவறி" என்று தொடங்கினேன்.

"நீங்கள் வாய் தவறுற ஆளில்லை. வெக்கமெண்டால் வெக்கமெண்டு சொல்லுங்கோ. இல்லாத ஒருத்தியைச் செய்துபோட்டு அவளுக்குப் பொன்னாடை போர்க்காதேங்கோ."

"நீ வங்கியை விட்டிட்டுப் போனாய். ஆக்கள் கேட்டால் நான் என்ன சொல்ல?"

"கப்பல்ல சமைக்கிறாள் எண்டு சொல்லுங்கோ. ஏலாதோ? ரெண்டு சொல்லுத்தானே." வைத்துவிட்டாள்.

என்னுடைய பிள்ளை என்னிடம் இப்படிப் பேசியதில்லை. கோபத்தில் குசினி அடுப்பை இரண்டு தரம் துடைத்தேன். எனக்கு வெட்கமா? வெட்கம்தான். எதற்கு வெட்கம்? வேலைக்கா, என் பொய்க்கா... முதலில் வேலைக்கு. அதை எழுதத்தான் வேண்டும்.

24 பெப்ரவரி, திங்கள்

அழைப்பு இல்லை.

27 பெப்ரவரி, வியாழன்

இல்லை. தவமலர் மட்டும் அழைத்தாள். கேடயம் அச்சுக்குப் போய்விட்டதாம். இப்போது சொல்லியிருக்கலாம். பச்சைச் சாறியின் சட்டை இறுக்கம் என்று ஏதோ சொன்னேன்.

4 மார்ச், செவ்வாய்

குரல் செய்தி, எட்டு நிமிடம். மூன்று தரம் கேட்டேன்.

பெருங்கடல் அடித்ததாம். ஒன்பது நாள் வள்ளங்கள் வர முடியவில்லை. இந்தத் தரம் கப்பல் ஏற்றிவந்த, வீடு திரும்பும் தீவுக்காரர் பத்துப்பேரும் இறங்க முடியாமல் கப்பலிலேயே அகப்பட்டுப்போனார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. பதினாறு இருபத்தாறு ஆயிற்று. உதவியாள் கடல் ஆட்டத்தில் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டான். இவள் இடுப்புப் பட்டியை அடுப்புக் கம்பியில் கொழுவிக்கொண்டு நின்று சமைத்தாளாம். உருளைக்கிழங்கு ஆறாம் நாள் முடிந்தது. பிறகு பருப்பு, பாண், தகரப் பால் விட்ட சொதி. கைக்குழந்தைக்குத் தனியாகக் கஞ்சி. ஒரு வேளையும் தவறவில்லை, ஒரு வேளையும் பிந்தவில்லை. "மட்டுமட்டாத்தான் வந்தது அம்மா, ஆனா ஆர் ரெண்டாந்தரம் கேட்டாலும் நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

பத்தாம் நாள் கடல் தணிந்தது. பத்துப்பேரையும் இறக்கிய வள்ளம் திரும்பி வந்ததாம், ஒரு வாழைக்குலையும் ஒரு போத்தல் தேனும் கொண்டு. சமைத்தவருக்கு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கப்டனுக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் சண்டையைப்பற்றி ஒரு சொல் இல்லை. "நித்திரை வருது" என்று முடித்தாள்.

இருபத்தாறு பேர். ஆடுகிற அடுப்பில். நான் இந்த வீட்டில், அசையாத நிலத்தில், ஆறு பேர் வந்தால் முதல்நாளே தலையிடி என்று படுக்கிறவள்.

8 மார்ச், சனி

பச்சைச் சாறிதான் கட்டினேன்.

எழுபது பேர் இருக்கும். தவமலர் ஒலிவாங்கியில் என் மகளைக் கடலை ஆளும் தமிழ்ப் பெண் என்றாள். கேடயத்தை நீட்டினாள். கண்ணாடியில் பொன்னெழுத்து: கப்பலின் இரண்டாம் அதிகாரி.

நான் கை நீட்டவில்லை. நான் படித்த கொன்வென்ற்றில் பிழையைத் திருத்தி எழுதாமல் புத்தகத்தை மூட விடமாட்டார்கள். ஒலிவாங்கியை வாங்கிச் சொன்னேன்:

"இதிலை ஒரு பிழை இருக்கு. சங்கத்தின்ரை பிழை இல்லை, நான் சொன்ன பொய். என்ரை மகள் அதிகாரி இல்லை. கப்பல்ல சமைக்கிறாள். போன கிழமை புயலுக்கை இருபத்தாறு பேருக்கு ஒன்பது நாள் சாப்பாடு குடுத்தவள். இந்தச் சங்கத்துக்கு அது போதுமெண்டால், திருத்தி எழுதித் தாங்கோ. வாங்கிறன். பிழையோட வாங்கமாட்டன்."

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஜீவரத்தினம்: "தவமலர், அதிகாரியெண்டு எழுதி அவளைக் குறைச்சுப்போட்டாய்! சமையல் அதைவிடப் பெரிய வேலை!" சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா தன் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து ஏதோ சொன்னாள். சொல்லட்டும்.

மேடைக்குப் பின்னால் தவமலர் அழாக்குறை. "எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. மன்னிச்சுக்கொள்."

"இனி இதை ஆர் அழிச்சு எழுதுறது?"

"கடைக்காரன். திங்கட்கிழமை நானும் வாறன்."

வீட்டுக்கு வந்து சயந்தினிக்கு எழுதினேன்: சொல்லிவிட்டேன், எழுபது பேருக்கு. பதில், ஐந்து மணிக்கு: "கேள்விப்பட்டன். வீடியோ வந்திட்டுது. சாறி வடிவு."

26 ஏப்ரல், சனி

சயந்தினி வந்து மூன்று நாள். கை முழுக்கச் சூட்டுக் காயத் தழும்பு. மெலிந்திருக்கிறாள். இரண்டு நாள் குசினிப் பக்கம் விடவில்லை, தூங்க வைத்தேன்.

இன்று நான் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். அவள் வந்து கரண்டியால் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "புளி கொஞ்சம் காணாது" என்றாள்.

ஐம்பது வருடமாக இந்தக் குழம்பை வைக்கிறேன். என் கணவருக்குக்கூட இதைச் சொல்லத் துணிவு இருந்ததில்லை.

நானும் நக்கிப் பார்த்தேன். காணாதுதான். இன்னும் கொஞ்சம் புளி விட்டேன்.