முனையுள்ள கல்

வெள்ளி இரவு, ஆகஸ்ட் 1983

மோதிரம் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினோம். அடுத்த மாதம் என்னை மணக்கப் போகிற சாமுவேலும் நானும் வேலூர் நகைக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் கறுப்பு வெல்வெட் துணியில் வைரங்களைப் பரப்பினார். வட்டம், சதுரம், நீர்த்துளி, பிறகு படகு போல இரண்டு பக்கமும் கூரான ஒன்று. சாமுவேலுக்கு அந்தப் படகுக் கல்தான் பிடித்தது. எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

"இன்னா வேலைம்மா செய்றீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நர்ஸ்."

"அப்போ இது வேணாம்மா. எங்கனா இடிச்சா முனை உடைஞ்சிடும். கையுறையையும் கிழிச்சிடும். வட்டக் கல்லு எடுத்துக்கோங்க, அதுக்கு முனையே இல்ல."

சாமுவேல் சிரித்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் இவ எங்க வேலைக்குப் போகப்போறா? இதையே போடுங்க."

பெண் பார்க்க வந்த நாளிலிருந்து இந்தப் பேச்சே எழுந்ததில்லை. படகுக் கல்லைக் கடைக்காரர் பக்கம் தள்ளினேன்.

"வட்டக் கல்லே காட்டுங்க" என்றேன்.

சாமுவேல் எழுந்து வெளியே போய்விட்டார். பஸ் நிலையம் வரை நானும் பின்னாலேயே நடந்தேன். தன் ஊருக்குப் போகிற ஜோலார்பேட்டை பஸ்ஸில் ஏறும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மாகிட்ட நான் இன்னா சொல்றது?"

"நான் வேலைய விடமாட்டேன்னு சொல்லுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டில் என் அம்மா மோதிரம் எங்கே என்று கேட்டாள். அளவு சரியில்லை என்று பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கள் கல்யாண அறிவிப்பை வாசிக்கிறார்கள். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்பார். சாமுவேல் வருவாரா என்றே தெரியவில்லை. நான் போவேன். சனி இரவு டியூட்டி முடிந்ததும் யூனிபார்மோடேயே போவேன்.