பூங்காவுக்குள் வந்த ஆறு

அன்புள்ள தஜோங் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? பேத்திக்குப் பல் முளைத்து எல்லாரையும் கடிக்கிறாளாமே. போனில் ஆறு என்றாலே நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே: இங்கே போன வாரம் பெருவெள்ளம். நம் நூடுல்ஸ் கடைக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

முந்தைய வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்து, நீ மகளோடு பூசான் நகருக்குப் போன பிறகு, எதிர்ப் பூங்காவில் ஆற்றின் கரைச்சுவரை இடித்தார்கள். பந்தாடும் மைதானத்தைத் தோண்டித் தாழ்த்தி நாணல் நட்டார்கள். பந்தாட்டக் குழுத் தலைவர் நம் பியோ சும்மா இருப்பாரா? "கதவைத் திறந்து வெச்சு வெள்ளத்தை உள்ள வான்னு கூப்பிடறீங்களாம்மா?" என்று அந்த வேலையை நடத்தும் பொறியாளர் சோலிடம் சண்டைக்குப் போனார். அந்தப் பெண் நிதானமாக, "ஆமாங்க ஐயா. அதுக்கு இங்க உட்கார இடம் குடுத்தா உங்க வீட்டுக்கு வராது" என்றாள். அவர் நம்பவில்லை. நானும்தான்.

வெள்ளம் வந்த வியாழக்கிழமை மாவு மூட்டைகளை மேலே ஏற்றிவிட்டு, வாசலில் பியோவோடு நின்றேன். செக்கச்செவேலென்று சீறி வந்த தண்ணீர் பூங்காவுக்குள் திரும்பியது. நாணலுக்குள் பரந்து, வேகம் தணிந்து, நம் தெருப்படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. பியோ படியில் இறங்கி, தண்ணீர் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார்.

தண்ணீர் வடிந்ததும் மைதானத்துக் குட்டையில் ஒரு பெரிய கெண்டை மீன் கிடந்தது. "என் மைதானத்துக்கு வந்தா என் மீன்" என்றார் பியோ. "அப்ப நீங்களே தூக்கிட்டுப் போய் ஆத்துல விடுங்க" என்றாள் சோல். கைக்குழந்தையைப் போல அணைத்துத் தூக்கிப் போனவர், வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். மீனை மட்டும் விடவில்லை. தெருவே சிரித்தது. கடைசியில் ஆற்றில் விட்டுவிட்டு எல்லாரையும் நம் கடைக்கு நூடுல்ஸ் சாப்பிட அழைத்து வந்தார். குழம்பில் உப்பு கூடிவிட்டது. "அண்ணி இல்லாத கடை இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கிண்ணம் காலி செய்தார்.

நேற்றும் மழைதான். தண்ணீர் எங்கே வந்திருக்கிறது என்று நான் எழுந்து பார்க்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

உன்னை வா என்று சொல்லமாட்டேன். சனிக்கிழமை மதியம் பேருந்து நிலையத்தில் சும்மா நிற்பேன். குடைகூட எடுத்துவரமாட்டேன், உன் பைகளைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருக்கும். நீயும் குழந்தைகளும் சுகமாக இருங்கள்.

இப்படிக்கு,
தஜோங் அப்பா