கிணறு பார்க்க வருகிறார்கள்

ஜூலை 7, திங்கள்

வெயில் கடுமை. கி: பழுப்பு. நா: உண்டு.

இது என் வீட்டுக்காரர் எழுதும் சுருக்கம். கி. என்றால் கிணறு. நா. என்றால் நாற்றம். ஒன்பது வருடமாகத் தினமும் இந்த ஒரு வரி. ஏப்ரல் நடுவில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பக்கமெல்லாம் வெள்ளை. உரக்கடையில் கொடுத்த கெட்டி அட்டை டைரி, வீணாய்ப் போவானேன் என்று நான் எழுதுகிறேன். படிப்பு ஐந்தாவது வரைதான். யார் பார்க்கப் போகிறார்கள்.

தபால் வந்தது. பொல்யூஷன் ஆபீஸ் கடிதம். "திரு. பரமசிவம் அவர்களுக்கு." வெள்ளிக்கிழமை காலை கிணற்றைப் பார்த்து, பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வருகிறார்களாம். தண்ணீர் கெட்டது என்று தெரிந்தால் ஓடைக்கு மேலே இருக்கிற தோல் பதனிடுகிற ஷெட்டின் மேல் நடவடிக்கை. கெடவில்லை என்றால் மனு முடிக்கப்படும்.

அவர் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்துக் காட்டினேன். "கேட்டுச்சா? வர்றாங்களாம்" என்றேன். மனிதர் எத்தனை மனு போட்டிருப்பார். பாதி தப்பான இடத்துக்கு. ஒன்று கரண்ட் ஆபீசுக்கே போய்ச் சேர்ந்தது. அவர்கள் மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"டெல்லியில போட்ட சட்டம்டி இது. தண்ணிச் சட்டம், எழுபத்து நாலு. நானும் அதும் ஒரே வருஷத்துல பொறந்தோம். ரெண்டு பேரையும் இந்த ஊர்ல எவனும் மதிக்கல" என்பார்.

காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்தேன். இன்னும் கை பழகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். கி: பழுப்பு, மேலே நுரை. நா: ஜாஸ்தி.

ஆபீசர் வரும் வீடா இது. சுவரெல்லாம் ஒட்டடை. கிணற்றைச் சுற்றி முள். அவர் போனதும் வீடு இப்படி ஆகிவிட்டது என்று வருகிறவர்கள் சொல்லக்கூடாது.

வாங்க வேண்டியது:
சுண்ணாம்பு 2 கிலோ
துடைப்பம்
பிளீச்சிங் பவுடர்
படிகாரம்
பிஸ்கட் (நல்லது)

சேகரிடம் சொல்லி அனுப்பினேன். என் கொழுந்தன். அதே தோல் ஷெட்டில்தான் தோல் அலசுகிற டிரம் ஓட்டுகிறான். அவரும் இவனும் மூன்று வருடம் பேசவில்லை. சாவுக்கு வந்து அவன் அழுத மாதிரி யாரும் அழவில்லை.

ஜூலை 9, புதன்

மேகம். மழை இல்லை.

சேகர் எல்லாம் வாங்கி வந்தான். பிளீச்சிங் பவுடர் மட்டும் ஐந்து கிலோ.

"இன்னாத்துக்கு சேகரு இவ்ளோ?"

"பெரிய கெணறு அண்ணி. கம்மியா போட்டா வேலைக்கு ஆவாது."

சந்தோஷமாகச் செய்தான். முள்ளை வெட்டினான். நான் நுரையை முறத்தால் வாரிக் கொட்டினேன். படிகாரக் கட்டியைத் துணியில் கட்டி இறக்கிக் கலக்கினேன். பவுடர் ஐந்து கிலோவும் உள்ளே. கிணற்றுச் சுவருக்குச் சுண்ணாம்பு. ஒரு சின்னக் கோலமும் போட்டேன். இடுப்பு போய்விட்டது. ஆனால் இந்த மூன்று மாதத்தில் இன்றுதான் ஒரு வேலையை முழுசாகச் செய்து முடித்தேன். நன்றாகத் தூங்குவேன்.

ஜூலை 10, வியாழன்

கி: தெளிவு. அடியில் போன வருடம் விழுந்த சொம்பு தெரிகிறது. நா: இல்லை. ஆஸ்பத்திரி வாசனை.

ஜரீனா அக்கா வந்தாள். பக்கத்து வீடு. எட்டிப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ மல்லிகா, இன்னாடி பண்ணி வெச்சிருக்க?"

"சுத்தம் பண்ணேன்க்கா. நாளைக்கு ஆபீசர் வர்றாங்க."

"ஆபீசர் எதைப் பாக்க வர்றாங்க?"

"கெணத்தை."

"கெணத்துல இருக்கிற அழுக்கைப் பாக்க வர்றாங்கடி! நீ அதைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, பொண்ணு பாக்க வர்றாப்ல நிக்க வெச்சிருக்க!"

அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருடம் அவர் எழுதினதை ஒரு நாளில் நானே கழுவி விட்டேன்.

சேகரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"உனக்குத் தெரியும்தானே?"

"நீங்க கேட்டீங்க, நான் வாங்கியாந்தேன்." தரையைப் பார்த்துச் சொன்னான். அப்புறம், "ஷெட்டை மூடிட்டா நான் எங்க போவேன் அண்ணி? அண்ணன் அதை என்னிக்காவது யோசிச்சாரா?"

திட்ட வாய் வரவில்லை. அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜ. அக்காவின் யோசனை: ஓடையில் இருந்து பத்துக் குடம் மொண்டு கிணற்றில் ஊற்றிவிடுவது. "அந்தத் தண்ணிதானடி இதுல வர்றது. நாம கொஞ்சம் சீக்கிரம் கொண்டாந்து சேக்கறோம், அவ்ளோதான்."

போனேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒரு குடம் மொண்டு, இடுப்பில் வைத்து, தெருவோடு வந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் வழிவிட்டு நின்றார்கள். "பாவம், புருஷன் போன துக்கத்துல..." என்று ஒருத்தி. கிணற்றங்கரை வரை வந்துவிட்டேன். ஊற்ற முடியவில்லை. இதுவரை அது ஷெட்டுக்காரன் அழுக்கு. நான் ஊற்றினால் என் அழுக்கு. நாளைக்கு ஆபீசர் இது எப்படி வந்தது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? அவர் மனுவில் பொய்யாக ஒரு எழுத்து கிடையாது. தப்பான விலாசம் உண்டு, பொய் கிடையாது.

திரும்ப ஓடைக்கே கொண்டுபோய்க் கொட்டினேன். மறுபடியும் அதே தெரு. மறுபடியும் வழிவிட்டார்கள்.

சாயங்காலம் ஓசூரில் இருந்து மகள் போன். "அம்மா, நீ சாக்கடைத் தண்ணிய இடுப்புல வெச்சிக்கிட்டு போறதும் வர்றதுமா இருக்கியாமே? கொஞ்ச நாள் இங்க வந்துடு." விளக்கிச் சொன்னேன். சிரித்தாள்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். கி: வெட்கக்கேடு.

பத்தரைக்கு ஜீப். ஒரு மேடம், சின்ன வயது. கூட ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு ஒருவர்.

"பரமசிவம் இருக்காரா?"

"இல்லீங்க மேடம். தவறிட்டார். மூணு மாசம் ஆவுது."

மேடம் பைலில் குறித்துக்கொண்டார். "அப்ப கெணத்தையாவது பாக்கலாம்மா" என்றார். பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். சுண்ணாம்பைப் பார்த்தார். உள்ளே குனிந்து மூச்சு இழுத்தார்.

நானே சொல்லிவிட்டேன். எல்லாம். பவுடர், படிகாரம், முறம். ஓடைத் தண்ணீர்க் குடத்தையும் விடவில்லை. பெட்டிக்காரர் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"எங்களுக்காகவாம்மா இவ்ளோ பண்ணீங்க?"

"உங்க வீட்டுக்கு ஆள் வந்தா நீங்க பெருக்க மாட்டீங்களா மேடம்?"

மேடம் பிஸ்கட் சாப்பிட்டார்.

பவுடர் கலந்த தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்க முடியாதாம். எடுத்தால் முடிவு தப்பாக வந்துவிடுமாம். கிணற்றை முழுக்க இறைத்துவிட்டு, ஊற்று தானாக ஊறட்டும், எதுவும் போடாதீர்கள் என்றார். "இந்த தடவ சொல்லாம வருவேன். சொன்னா நீங்க பெயின்ட் அடிச்சிடுவீங்க."

மனுதாரர் இல்லாததால் மனுவை அப்படியே விட முடியாது, நான் தொடர்வதாக ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். யோசித்து எழுதினேன்: "என் கணவர் கேட்டதை இனிமேல் நான் கேட்கிறேன்." கீழே மல்லிகா. மேடம் இரண்டு முறை படித்தார்.

ஜூலை 12, சனி

மோட்டார் ஓடவில்லை. அவர் போனதில் இருந்து தொடவில்லை. ஊரில் மோட்டார் தெரிந்தவன் சேகர் ஒருவன். மானத்தை விட்டுப் போய் நின்றேன்.

"நானே வந்து என் வேலைக்கு உலை வைக்கணுமா அண்ணி?"

"ஆமாம் சேகரு."

கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு மணி நேரம் கழித்து ஸ்பேனர் பையோடு வந்தான். மோட்டாரைக் கழற்றி மாட்டி ஓட வைத்தான். மூன்று மணி நேரம் இறைத்தது. சொம்பை எடுத்துக் கொடுத்தான்.

"ஷெட்டை மூடிட்டா உங்க வீட்லதான் வந்து சாப்புடுவேன்."

"சாப்புடு. குடிக்கத் தண்ணி மட்டும் கேக்காத."

சிரித்துவிட்டான். சிரிக்கும்போது அப்படியே அவர் வாய். உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

கி: முழங்கால் அளவு. தெளிவு!! நா: இல்லை.

பேஜார். இத்தனை நாள் தப்பாகத்தான் சொன்னோமா?

ஜூலை 14, திங்கள்

நல்ல மழை. ஓடை நிறைய ஓடியது. கி: தெளிவு. கொஞ்சம் மஞ்சளோ? ஜ. அக்கா கண்ணாடி போட்டுப் பார்த்தாள். "உன் ஆசைக்குச் சொல்றேன், மஞ்சள்" என்றாள்.

வாசல் பெருக்கவில்லை. பயம்.

ஜூலை 16, புதன்

கி: பழுப்பு! நா: உண்டு! காலையில் எட்டிப் பார்த்ததும் முகத்தில் அடித்தது. ஜ. அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டோம். கல்யாண வீடு தோற்றது.

அப்புறம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கிணற்றில்தானே கல்யாணமாகி வந்தபோது முதல் குடம் மொண்டேன். அப்போது குடிப்போம்.

ஜூலை 17, வியாழன்

வெயில். கி: பழுப்பு, நுரை. நா: ஜாஸ்தி.

சொன்னபடி சொல்லாமல் வந்தார்கள். நான் எண்ணெய்த் தலையோடு, கிழிந்த ஜாக்கெட்டோடு. வீடு குப்பை. பிஸ்கட் இல்லை. மேடம் எட்டிப் பார்த்துவிட்டு கர்சீப்பை எடுத்தார். "இப்பதாம்மா கெணறு மாதிரி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகி, "சாரிம்மா" என்றார்.

கயிற்றில் இறக்கி மொண்டார்கள். இரண்டு பாட்டில். மூடி, மேலே காகிதம் ஒட்டி, அரக்கு வைத்து சீல். காகிதத்தில் என் கையெழுத்து, மேடம் கையெழுத்து. சாட்சிக்கு ஒருவர் வேண்டும் என்றார்கள். சேகர் அந்தப் பக்கம் சைக்கிளில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். நான் கூப்பிடவில்லை. அவனே நிறுத்தினான். சீருடையிலேயே வந்து கையெழுத்துப் போட்டான். "லேட்டாவுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ரிப்போர்ட் வர நாளாகும். என்ன வரும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் மேடம். சரி என்றேன்.

பாட்டில் இரண்டையும் ஐஸ் பெட்டியில் படுக்க வைத்து, ஆடாமல் துணி சுற்றி, பின் சீட்டில் வைத்தார்கள். ஜீப் கிளம்பியது. வளைவு திரும்புகிற வரை நின்று கை காட்டினேன்.

"போதும்டி, மேடம் போய்ட்டாங்க" என்றாள் ஜ. அக்கா.

"மேடத்துக்கு இல்லக்கா. பாட்டிலுக்கு."